புறவாசல் சுவர்

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் பதருன்னிசாவின் வீடு இருந்தது. தெருவிலேயே தாழ்வான இடம் அதுதான். வாங்கும்போது யாரோ சொன்னதற்கு, "மழை பெஞ்சால்ல பள்ளத்தப் பத்திக் கவலப்படணும்" என்று சிரித்தான் அவள் கணவன் மைதீன். கல்யாணமான மறு வருஷமே அவன் கொழும்புக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டான். அதன் பிறகு இரண்டே தடவைதான் ஊருக்கு வந்திருந்தான். வீட்டில் பதருன்னிசாவும், புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட மைதீனின் அக்கா ஷம்சாத்தும் மட்டும்.

அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் கொழும்பிலிருந்து திரும்பிய உள்ளூர்க்காரர் அப்துல் ரவூப் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "மைதீன் நோன்புக்கு முன்னால வந்திருவேன்னு சொல்லச் சொன்னான்மா. மார்கழியில கப்பலேறி, தனுஷ்கோடியில எறங்கி ரயிலப் புடிச்சிருவான்."

அன்றைக்கே பதருன்னிசா வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஆள் கூப்பிட்டு ஓடு மாற்றினாள். மேலே ஆள் ஏறியிருக்க, இவள் இருட்டு அறைக்குள் நின்று, வெளிச்சப் பொட்டுத் தெரிகிற இடத்தையெல்லாம் கம்பால் தட்டிக் காட்டினாள். கோடையில் கரிசல் தரை பிளந்ததில் சுவரிலும் விரல் நுழைகிற அளவுக்குக் கீறல் ஓடியிருந்தது. சுண்ணாம்பும் மணலும் குழைத்து அதை அடைத்தாள். மழைத்தண்ணீர் ஓடுகிற வாருகாலைத் தோண்டிச் சுத்தம் செய்தாள். வாசற்படிக்குக் குறுக்கே அடுக்க மண் மூட்டைகள் கட்டி வைத்தாள். இதற்கிடையில் எட்டயபுரத்துக்கு ஆள்விட்டு இலவம்பஞ்சு வாங்கி, புது மெத்தை ஒன்றும் தைக்கக் கொடுத்தாள்.

"ஏட்டி, மழைக்கு வீட்டச் சரி பண்ணுதியா, மாப்பிள்ளைக்குச் சரி பண்ணுதியா?" என்றாள் ஷம்சாத்.

"ரெண்டுக்குந்தான் மதினி."

மார்கழி பிறந்ததும் பதருன்னிசாவுக்கு ரயில் சத்தம் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. மதுரை வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் கை வேலையை விட்டுவிட்டு நிற்பாள். வண்டியில் இறங்கியவர்கள் தெரு முனையைக் கடந்து போகிற நேரம் வரைக்கும் காத்திருந்துவிட்டு மறுபடி குனிவாள். ஷம்சாத் இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அந்த வாரம் காற்று கிழக்கிலிருந்து அடித்தது. காலையில் தூறலாக ஆரம்பித்த மழை, மத்தியானத்துக்குள் எதிர் வீடு தெரியாத மழையாகிவிட்டது. கரிசல் வயிறு நிறையக் குடித்துவிட்டால் அதற்குமேல் ஒரு சொட்டும் வாங்காது. தெருவில் தண்ணீர் ஏறியது. இருவரும் வாசலில் மூட்டைகளை அடுக்கினார்கள். முன்பக்கம் தண்ணீர் வரவில்லை. ஆனால் புறவாசலில், கரிசல் மண்ணால் எப்போதோ வைத்த பழைய சுவர், அடியில் ஊறி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

"தங்கச்சி! சுவத்துப் பக்கத்துல நிக்காதீய!" என்று பக்கத்து வீட்டுப் பெருமாள்சாமி கத்தினார். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் அவர்.

பதருன்னிசா பின்வாங்குவதற்கும் சுவர் விழுவதற்கும் சரியாக இருந்தது. பெரிய சத்தமில்லை. ஈர மூட்டை சரிந்த மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் அடுப்பங்கரை வழியாக வீட்டுக்குள் புகுந்தது. ஷம்சாத் அரிசிப் பானையைக் கட்டில்மேல் ஏற்றினாள். பதருன்னிசா மெத்தையைச் சுருட்டித் தலையில் தூக்கிப் பரணில் போட்டாள். போட்ட கையோடு மேலே பார்த்தாள். பரணுக்கு நேர் மேலே காற்று ஒரு வரிசை ஓடுகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. மெத்தைமேல் மழை நேராகக் கொட்டியது.

முழங்கால் தண்ணீரில் பெருமாள்சாமி உள்ளே வந்தார். வாசலைப் பார்த்ததும், "அந்த மூடைய எடுங்க மொதல்ல! வெளித்தண்ணி உள்ள வராம இருக்க வச்சிய, இப்ப உள்தண்ணி வெளிய போகாம நிக்கி" என்று சொல்லிக்கொண்டே மூட்டைகளை இழுத்துத் தள்ளினார். தெருவில் தண்ணீர் இதற்குள் சற்று இறங்கியிருந்தது. வீட்டுத் தண்ணீர் முன்வாசல் வழியாக வடிந்தது. போகும்போது அகப்பை, விறகு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போனது.

மழை விட்டதும் சேற்றை வழிக்க வேண்டியிருந்தது. காய்ந்துவிட்டால் கரிசல் சேறு கல்லாகிவிடும். இரண்டு பேரும் பலகைத் துண்டால் வழித்து வழித்துக் கூடையில் கொட்டினார்கள். அப்போதுதான் பெருமாள்சாமி ஸ்டேஷனிலிருந்து வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோயிட்டாம்மா. ரயிலையும் சேத்து. லைன் பூரா போச்சு. ஆளு எம்புட்டுன்னு தெரியல."

ஷம்சாத் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எந்தம்பி அந்த வழியாத்தானே வருவான்" என்றாள். பதருன்னிசா குனிந்து சேற்றை வழித்தாள். வழித்த இடத்தையே திரும்பத் திரும்ப வழித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஷம்சாத்தான் எழுந்துவந்து கையிலிருந்த பலகையைப் பிடுங்கினாள்.

அப்துல் ரவூப் கொழும்புக்குத் தந்தி கொடுத்தார். பதில் வரவில்லை. கம்பியெல்லாம் அறுந்து கிடக்கிறது என்றார்கள். வெயில் வந்ததும் பதருன்னிசா மெத்தையைப் பிரித்தாள். கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்த பஞ்சைக் கட்டிலில் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே சேலையைப் போட்டு, ஒவ்வொரு கட்டியாக விரலால் பிய்த்தாள். மைதீனின் முகம்கூட இப்போது சரியாக நினைவுக்கு வரவில்லையே என்று பயமாக இருந்தது. அவன் பேசுகிற குரல் வந்தது. சட்டையில் வரும் கோடித்துணி வாசம் வந்தது. முகம் மட்டும் வரவில்லை.

ஒரு நாள் முற்பகலில் தந்திக்காரன் வந்தான். தெருவே கதவைத் திறந்து பார்த்தது. பதருன்னிசாவுக்கு அதைக் கையில் வாங்கவே முடியவில்லை. பெருமாள்சாமி வாங்கினார். இங்கிலீஷில் இருந்தது. "ஸ்டேஷன்ல படிச்சுக் கேட்டுட்டு வாரேன்" என்று ஓடினார். திரும்பி வரும்போது தெரு முனையிலிருந்தே துண்டை எடுத்து ஆட்டினார்.

"அவிய கிளம்பவே இல்லம்மா! கடையில லீவு குடுக்கலியாம்! நல்லா இருக்காவளாம்!"

பதருன்னிசா ஈரம் காயாத தரையிலேயே நெற்றியை வைத்து அழுதாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சேறு. ஷம்சாத் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அவிய வரலன்னு கேட்டு சந்தோசப்படும்படி ஆயிட்டே மதினி" என்றாள் பதருன்னிசா. "இத்தன வருசமும் வரலன்னு கேட்டுத்தானே அழுதிருக்கேன்."

மைதீன் பங்குனியில் வந்தான். திருச்சிக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ரயிலேறி, முன்னால் சொல்லாமல் வந்து நின்றான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அக்காவிடம் நிறையப் பேசினான். பதருன்னிசாவிடம் மட்டும், "ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள்.

புறவாசல் திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "சுவர வச்சு முடிச்சுட்டுத்தான் போவேன்" என்றான். கரிசல் மண்ணில் சுவர் நிற்காது என்று பசுவந்தனைப் பக்கமிருந்து வண்டியில் சிவந்த செவல் மண் அடித்தார்கள். பெருமாள்சாமி வேலை இல்லாத நேரத்தில் கூட நின்றார். மண்சுவரை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. ஒரு வரிசை வைத்து, அது இறுகிய பிறகுதான் அடுத்தது. மைதீன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் மிதித்தான். பதருன்னிசா உருண்டை உருட்டிக் கொடுத்தாள். கை மாறும்போது விரல்கள் பட்டன. அவன் கொழும்புக் கதைகளைச் சொன்னான். அவள் வாழ்நாளில் அவனோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பங்குனி வெயிலில் வரிசை வேகமாக இறுகியது. மத்தியானம் ஆண்கள் படுத்திருக்கும்போது பதருன்னிசா செம்பில் தண்ணீர் எடுத்துவந்து சுவர்மேல் தெளித்தாள். மறுநாளும் தெளித்தாள். ஷம்சாத் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"வெடிச்சிரக் கூடாதுல்லா மதினி."

ஷம்சாத் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு குடத்திலிருந்து இன்னொரு செம்பு மொண்டு நீட்டினாள்.

சாயங்காலம் மைதீன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, இன்னும் ஈரமா இருக்கு? இந்த வெயிலுக்கு இந்நேரம் காஞ்சிருக்கணுமே."

பெருமாள்சாமி சுவரைத் தடவினார். பதருன்னிசாவின் நனைந்த முந்தானையைப் பார்த்தார்.

"செவல் மண்ணு அப்படித்தான் தம்பி, அவசரப்படாதீய" என்றார். "இன்னும் ரெண்டு மூணு நாள் கெடக்கட்டும்."

சுவர் முடிய சித்திரை ஆகிவிட்டது. அதற்கு மறுவாரம் மைதீன் கொழும்புக்குக் கிளம்பினான்.