கடமை முடிந்தவரின் விண்ணப்பம்

மூன்றாவது தடவையும் விசா இல்லை என்று தகவல் வந்தபோது நான் ஒரு பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். செயற்கைப் பல் செய்யும் லேபில் என் வேலை அதுதான். யாரோ ஒருவருடைய சிரிப்பு என் கையில் இருந்தது. எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

மறுப்புக் கடிதத்தின் வாசகம்கூட மாறவில்லை. என் அம்மா அப்பா சொந்த நாட்டுக்குத் திரும்புவார்கள் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். அவர்களை நேரில் பார்த்து ஐந்து வருஷமாகிறது. என் வேலை அனுமதி புதுப்பித்து வரும்வரை நான் இந்த நாட்டிலிருந்து வெளியே கால் வைக்க முடியாது, வைத்தால் திரும்ப விடமாட்டார்கள். அவர்கள் வந்தால்தான் உண்டு.

மூன்று தடவையும் விண்ணப்பம் போட்டது அப்பாதான். மொத்தத் தாள்களையும் அனுப்பச் சொல்லி வரிவரியாகப் படித்தேன். நடுவில் அவர் கைப்பட எழுதிய ஒரு பக்கம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதே பெருமையோடு எழுதியிருந்தார்: "என் கடமைகள் அனைத்தும் இனிதே முடிந்தன. மகனையும் மகளையும் கரை சேர்த்துவிட்டேன். இங்கே என்னை நம்பி யாரும் இல்லை."

நம் ஆட்கள் மார்தட்டிச் சொல்லும் விஷயம். விசா கொடுக்கும் அதிகாரிக்கோ, இந்த மனிதருக்குத் திரும்பிப் போக ஒன்றுமே இல்லை என்று வாக்குமூலம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று மாலையே வீடியோவில் கூப்பிட்டேன்.

"அப்பா, அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க."

"எதுக்கும்மா எடுக்கணும்? அதுல ஒரு பொய் இருக்கா?"

"உண்மைதான். அதான் கழுத்தை அறுக்குது."

"முடிச்சவன் முடிச்சேன்னுதான் எழுதுவான். வேற மாதிரி எனக்கு எழுத வராது."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அம்மா எழுந்து வந்தாள்.

"ஏங்க, யாருக்குக் கடமை முடிஞ்சுது? பெத்த பொண்ண அஞ்சு வருஷமா போன் கண்ணாடிக்குள்ள பார்த்துட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் முடியல. உங்களுக்கு முடிஞ்சுதுன்னா போய்ப் படுங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோ பாப்பா. நாற்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு யூனிபார்ம் தைக்க ஒத்துக்கிட்டிருக்கேன். துணி வெட்டியாச்சு. ஸ்கூல் திறக்கறப்ப நான் இல்லன்னா அதுங்க எதைப் போட்டுட்டுப் போகும்? மூணு வாரத்துக்கு மேல நீயே கெஞ்சினாலும் தங்கமாட்டேன்னு எழுது."

எழுதினேன். எனக்குச் சுருக்கென்றது. கெஞ்சலாம் என்றுதான் இருந்தேன். அவளுடைய அளவு நோட்டையும் படமெடுத்து இணைத்தோம்: தோள், கைநீளம், இடுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும். அப்பா தன் பக்கத்தை எடுக்கவில்லை. மாட்டேன் என்றால் மாட்டார்.

இந்த நான்காவது விண்ணப்பத்துக்குப் பத்து நாளில் முடிவு வந்தது. அம்மாவுக்கு விசா கிடைத்தது. அப்பாவுக்கு இல்லை.

தனியாக வரமாட்டாள் என்று நினைத்தேன். மறு வாரமே வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளையாட்டம் அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"உங்கப்பாவப் பிணையா வச்சுட்டு வந்திருக்கேன். அவர் அங்க இருந்தா நான் ஓடிப்போகமாட்டேன்னு இவங்களுக்கு நம்பிக்கை" என்றாள், சிரிக்காமல்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பெட்டியைத் திறந்தாள். அப்பாவுக்குத் தைத்த புதுச் சட்டை ஒன்றை எடுத்து என் அறைக் கதவின் கொக்கியில் மாட்டினாள். "வந்து போட்டுக்கட்டும்." அடுத்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து அவருடைய விண்ணப்பத் தாள்கள் வெளியே வந்தன.

"உக்காரு. அஞ்சாவது தடவை போடுவோம்."

"அந்தப் பக்கத்தை அப்பா மாத்தமாட்டாரேம்மா."

"மாத்த வேணாம். நல்லா வாழ்ந்த மனுஷன், எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் சொல்றத எழுது."

பேனாவை எடுத்தேன்.

"இவரை நம்பி யாரும் இல்லன்னு எழுதியிருக்கிறது தப்பு. சம்சாரம் இருக்கா. அவளுக்குப் பிள்ளைங்க யூனிபார்ம் பாக்கியிருக்கு. போறப்ப இவர் கையைப் பிடிச்சு அவளே கூட்டிட்டுப் போயிடுவா. அதுவரைக்கும் இவர் மகளைப் பார்க்கட்டும்."

பேனாவை என் கையிலிருந்து வாங்கி, துணியில் கோடு போடுவது போல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.