உறுதிச் செலவு

நொத்தாரிசு அழகரத்தினம் வீட்டு உறுதி எழுதும் செலவுகளை வாசிக்கத் தொடங்கியதும், அன்னப்பூரணி அது தன் காதில் விழவேண்டிய கணக்கல்ல என்பதுபோல யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முத்திரைக் காசு, எழுத்துக் கூலி, காணிக் கந்தோரில் தேடிப் பார்த்த செலவு, சேவையர் வந்து அளந்த கூலி. வழக்கப்படி இவையெல்லாம் வாங்குபவர் தலையில். விற்பவருக்குத் தரகும், கட்டாமல் விட்ட வீட்டுச் சோலை வரியும் மட்டுந்தான். வாங்க வந்திருந்த ஆர்த்திகா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். இந்த நாளுக்காகவே அன்னப்பூரணி கேட்ட விலைக்கு ஒரு சதமும் குறைக்காமல் தலையாட்டியிருந்தாள்.

களுவாஞ்சிகுடியில் தையல் கடை வைத்திருப்பவளுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்று செட்டிபாளையம் முழுக்கச் சிரித்தது. அன்னப்பூரணியும் சிரித்தாள். சிரித்த கையோடு, மகன் மதுஷனைக் கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனிடம் முற்பணத்தையும் கொடுத்துவிட்டாள். இனி வீட்டை விற்காமல் தப்ப வழியில்லை. ஆர்த்திகா காத்திருந்தது அதற்குத்தான்.

அந்த மதுஷனுக்குத்தான் ஒரு காலத்தில் ஆர்த்திகாவைப் பேசினார்கள். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை போய் இருப்பது பெண்ணின் வீட்டில். அந்த வீட்டைப் பார்க்க வந்த அன்னப்பூரணி வாவிக்கரையில் இருந்த தகர வீட்டைச் சுற்றி நடந்தாள், சுவரை விரலால் தட்டினாள், ஊற்றிய தேத்தண்ணியைத் தொடவில்லை. “எங்கட பொடியன் இதுக்குள்ளயா வந்து இரிக்கிற?” என்று ஆர்த்திகாவின் அப்பாவிடமே கேட்டாள். மீன்பிடித்து மகளை வளர்த்த மனிதன். அதன்பிறகு சாகும்வரை அவர் மண்டூர்த் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. ஆட்களின் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டார்.

“எல்லாச் செலவும் உங்கட பக்கம் மாமி. முத்திரைக் காசும் சேத்து,” என்றாள் ஆர்த்திகா. “இல்லாட்டி நான் எழும்புறன்.”

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். அப்படி வழக்கமில்லை, ஆனால் இரு பகுதியும் ஒத்துக்கொண்டால் தனக்கு ஆட்சேபணையில்லை என்றார். அன்னப்பூரணி பாதி பாதி என்று இறங்கினாள். பிறகு, நீயும் எனக்கு மகள் மாதிரி என்றாள். ஆர்த்திகாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கெஞ்சட்டும், இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள்.

“கட்டுவம்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அன்னப்பூரணியின் மகள் தனுஷியா. வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில்தான் இருந்தது. அவளுக்குச் சீதனமாக எழுதிவைத்த வீடு. தாய்க்கு இருந்தது சாகும்வரை அங்கே குடியிருக்கும் உரிமை மட்டும். அண்ணனின் பயணத்துக்காக விற்கிறோம், கையெழுத்துப் போடு என்று கூட்டிவந்திருந்தார்கள். இந்த வீடு போனால் அவளைப் பெண் பார்க்க எவன் வருவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆர்த்திகாவும்தான் யோசிக்கவில்லை.

“என்னத்தாலகா கட்டுற?” என்றாள் தாய்.

“அண்ணனுக்கு ஒதுக்கின காசில. பயணம் நிண்டா நிக்கட்டும்.”

“அவன் போனாத்தானே மனே உனக்கொரு வீடு கட்டித் தருவான்.”

“அப்பிடி எழுதித் தந்தவரா?”

அன்னப்பூரணி வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே மதுஷன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் தான் வளர்த்த கோபம் இந்தப் பெண்ணின் கோபத்துக்குப் பக்கத்தில் சின்னதாகிவிட்டதை ஆர்த்திகா உணர்ந்தாள். அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது.

“முத்திரைக் காச நான் கட்டுறன்,” என்றாள் மெதுவாக.

“வேணாம் அக்கா. கேட்டத மாத்தாதீங்க. என்ட வீடு போனா எல்லாருக்கும் போகட்டும்.”

தனுஷியா நாற்காலியை இழுத்துப்போட்டு, நொத்தாரிசு காட்டிய இடத்திலெல்லாம் அவசரமில்லாமல் கையெழுத்திட்டாள். கடைசித் தாள் தாய்க்கானது. குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவள் ஒப்பமிட வேண்டும். அன்னப்பூரணி கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். தனுஷியா தாயின் வலது கையை எடுத்து மேசையில் வைத்தாள். பேனையை அதற்குள் திணித்து, தாயின் முகத்தைப் பார்த்தபடியே, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டாள்.