முதா பெட்டி

ரத்தினபாய் அக்கா திரையைப் பார்க்கவே மாட்டார். சேலையூர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில், எதிரே நிற்கும் நோயாளியின் முகத்தைப் பார்த்தபடியே பெயர், வயது, ஊர் என்று அடித்துக்கொண்டு போவார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு எண்டர். பதினைந்து வருடம் பழைய கறுப்புத் திரையில் பழகிய விரல்கள். எங்கள் புது மென்பொருளில் டேப் தட்டினால்தான் அடுத்த கட்டம் வரும் என்று நான் சொன்னதும் கீபோர்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். "நீங்களே அட்சிக்கினு போங்க. எனக்குக் கை வராது."

அது 2006. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். படி ஏறும்போதே பசை வாசனை வரும். ஆறு பேர், ஐந்து கம்ப்யூட்டர். அக்கா விரட்டிய கதையைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்தேன். கூட வந்த முதாசிர் சிரிக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து கிளினிக்குக்குப் போய், அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் விரல்களையே பார்த்துவிட்டு வந்து ஒரு பெட்டி செய்தான். திரையில் நாம் தட்டச்சு செய்யும் கட்டம் இருக்கிறதே, அதுதான். எண்டர் தட்டினால் அடுத்ததற்குத் தாவும். நிற்கும் கட்டம் மஞ்சளாகும். ஆங்கிலத்தில் எதை அடித்தாலும் பெரிய எழுத்தாக, கேபிட்டலாக விழும்.

முதா பெட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன். அப்புறம் தேதிக்கு, போன் நம்பருக்கு, மருந்துக்கு என்று எந்தப் பெட்டி வேண்டுமென்றாலும் அதற்குப் பிள்ளையாகவே பிறந்தது. அப்பனுக்கு இருப்பதெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். மேலே கொஞ்சம் சேர்த்தால் போதும். நாற்பது திரைகள், முந்நூறு பெட்டிகள், எல்லாம் அவன் வம்சம். அவன் அம்மா சாஹிரா கொடுத்தனுப்பும் டப்பாவில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்குப் பிறந்த பேரன் பேத்திகளை எண்ணுவோம். அந்த மாதிரி வேலை பார்த்த சந்தோஷம் பிறகு எந்தக் கண்ணாடிக் கட்டடத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தலைவலி என் பங்குக்கு வந்தது. பாஸ்வேர்டுக்குப் பெரிய எழுத்து ஆகாது. டாக்டர் குறிப்பு எழுதும் பெட்டியில் எண்டர் தட்டினால் புது வரி வர வேண்டும், தாவக் கூடாது. அப்பன் கொடுத்ததை ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்வதே என் வேலையாகிவிட்டது. ஒருநாள் ரத்தினபாய் அக்கா, கடைசிக் கட்டத்தில் எண்டர் தட்டினால் தானே சேவ் ஆக வேண்டும் என்று கேட்க, முதாசிர் அதை அப்பன் பெட்டியிலேயே போட்டான். என் பிள்ளைப் பெட்டி வேண்டாம் என்று மறுக்க முடியாத இடத்தில் போட்டுவிட்டான். டாக்டரின் திரையில் குறிப்புப் பெட்டிதான் கடைசிக் கட்டம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுநாளே கிளினிக்கிலிருந்து டாக்டர் எலியேசர் போன் செய்தார். "ஒரு வரி எழுதினா சேவ் ஆகி மூடிக்குதும்மா. சுகர் பேஷண்டுன்னு ரெண்டாவது வரியில எழுதணும், எங்க எழுதறது? திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா நான் நோட்டுக்கே போயிடுறேன்."

முதாசிரிடம் சொன்னேன். "பெட்டியைப் பிரிச்சிடலாம் முதா. எண்டர் தனி, மஞ்சள் தனி, பெரிய எழுத்து தனி. வெறும் பெட்டியில எது வேணுமோ அதை மட்டும் மாட்டிக்கலாம்."

"அப்ப முதா பெட்டி?"

"அது தேவைப்படாது."

"உன் பெட்டி ஒண்ணுக்காக என் முந்நூறையும் கலைக்கணுமா? நான் வேற வழி பாக்கறேன்." அன்று மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். அடுத்த நாளும் தனியாகவே சாப்பிட்டான். வேலை போனால் தாம்பரத்தில் இல்லாவிட்டால் கிண்டியில் கிடைக்கும். முதாசிர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேறு வழி எதுவும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் உறவுக்காரர் கல்யாணம் என்று போயிருந்தான். நான் முதலாளி தசரதன் சாரிடம் சாவி வாங்கி, முடிச்சூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தேன். அவனிடம் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று துண்டுகளும் தனியாக நின்றன. முந்நூறு பெட்டிகளும் வெறும் பெட்டிகளாகி, வேண்டியதை மட்டும் மாட்டிக்கொண்டன.

திங்கட்கிழமை காலையில் விஷயத்தைச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளினிக்குக்கு வந்தான். டாக்டர் நாலு வரி எழுதி, தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வெளியே ரத்தினபாய் அக்கா பத்து டோக்கன் போட்டு முடித்துவிட்டு முதாசிரைப் பார்த்தார். "இன்னாத்தயோ மாத்திட்டீங்கன்னு சொன்னாங்க? ஒன்னும் மாறலியே தம்பி. அப்டியேதான கீது."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதைவிட நல்ல சான்றிதழ் யார் தருவார்கள்?

"ஆமாக்கா," என்றான் முதாசிர். "அப்படியேதான் இருக்கு."

ஆபீஸுக்கு வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்து எண்டர் துண்டைத் திறந்தான். வரிக்கு வரி அவன் எழுதியதுதான். நான் பெயர்த்து எடுத்து வைத்ததோடு சரி. நடுவில் 'ரத்தினபாய் அக்காவுக்காக' என்று அவன் போட்டிருந்த குறிப்பு கூட அப்படியே இருந்தது. ஆனால் கோப்பின் தலையில், எழுதியவர்: சுபத்ரா. புதுக் கோப்பு திறந்தாலே, திறந்தவர் பெயரைக் கணினி தானே போட்டுக்கொள்ளும்படி ஆபீஸில் ஏற்பாடு. சத்தியமாக நான் கவனிக்கவில்லை.

"முதா, அது தானா விழுந்தது."

"தெரியும். ஓடுதில்ல, விடு." பழைய முதா பெட்டியைத் தேடி எடுத்தான். அதற்குப் பிள்ளை என்று ஒன்றுகூட மிச்சமில்லை. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அழித்துவிட்டு எழுந்தான்.

அவன் கிளம்பிய பிறகு மூன்று கோப்பிலும் என் பெயரை எடுத்துவிட்டு முதாசிர் என்று அடித்தேன். எண்டர் அவனுடையது, மஞ்சள் அவனுடையது, எல்லாமே அவனுடையதுதான். பஸ்ஸில் போகும்போது மனசு லேசாக இருந்தது. காலையில் பார்ப்பான், சிரிப்பான், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

காலையில் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ அடித்துக்கொண்டிருந்தான். நான் கோப்பைத் திறந்தேன். 'எழுதியவர்' என்பதற்குப் பக்கத்தில் அவன் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. மற்ற இரண்டையும் திறந்தேன், அதிலும் அப்படித்தான். வெறுமையாக இருந்த அந்த இடத்தில் கர்சர் மட்டும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.