கோயில் கூரையில் ஒரு துளை

ஃபயன்சா ஊர்க் கோயிலின் கூரையில் அந்தச் சின்னத் துளையைப் போட்டவர் எர்க்கொலானோ. கணக்கு வாத்தியார், ஒரு பூசையையும் தவறவிடாத மனுஷர். துளை வழியே வெயில் இறங்கித் தரையில் வட்டமாக விழும். நண்பகலில், தரையில் பதித்த பித்தளைக் கோட்டைத் தொடும். எந்த இடத்தில் தொடுகிறது என்பதை வைத்து, இரவும் பகலும் சமமாகும் நாளைப் பிடித்துவிடலாம். ஈஸ்டர் கணக்கே அந்த நாளை நம்பித்தான் இருக்கிறது என்பதால் ஆயரும் தலையாட்டியிருந்தார்.

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. மழை ஒழுகுகிறது, புறா எச்சம் விழுகிறது என்று ஒரே முணுமுணுப்பு. போதாததற்கு, பூமிதான் சுற்றுகிறது என்று வாத்தியார் நம்புவதாகப் பேச்சு வேறு. அப்படிச் சொல்லவே கூடாது என்று ரோமாபுரி தீர்ப்பளித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குச்சாமி ப்ரோஸ்பெரோ எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"வாத்தியாரே, சுத்தி வளைக்க வேண்டாம். பீடத்துல கை வச்சுச் சொல்லுங்க. நகர்றது சூரியனா, பூமியா? பூமின்னா இன்னைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டையை அடைச்சிடறேன்."

எர்க்கொலானோ துளையை அண்ணாந்து பார்த்தார். அதற்காகச் சாரம் ஏறி ஏறி முட்டி தேய்ந்தவர். பீடத்தில் கை வைத்தார்.

"சூரியன்தான், சாமி."

துளை பிழைத்தது. வாத்தியாருக்குத் தூக்கம் போயிற்று.

ஈஸ்டருக்கு நற்கருணை அப்பம் வாங்காதவன் கிறிஸ்தவனே இல்லை. வாங்குமுன் செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், அதுவும் சொந்தப் பங்குச்சாமியிடம். யாரிடம் பொய் சொன்னாரோ அவரிடமே போய், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில், பாவம் கேட்கும் கூண்டின் கம்பித் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டார்.

"சாமி, பீடத்துல கை வச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்."



"எதைப் பத்தின்னு நான் கேக்கல. நீங்களும் வாயைத் திறக்காதீங்க." ப்ரோஸ்பெரோ அந்தப் பக்கமிருந்து அவசரமாகக் குறுக்கிட்டார். "சொன்னீங்கன்னா மன்னிக்க எனக்கு அதிகாரமில்ல, ரோமாபுரி மத விசாரணைக்காரங்ககிட்டதான் அனுப்பணும்."

"அப்போ மன்னிப்பு?"

"திருடினவன் பொருளைத் திருப்பிக் குடுத்தாத்தானே மன்னிப்பு? பொய் சொல்லி எதை வாங்கினீங்களோ அதைத் திருப்பிக் குடுங்க. கொத்தனார்கூட வேண்டாம். நீங்களே ஏறி அடைங்க."

"வேற பரிகாரம் சொல்லுங்க, சாமி. ரோமாபுரிக்கு நடந்தே போறேன்."

"ஏன்யா, கால் தேஞ்சா பரவாயில்ல, ஓட்டையை மட்டும் விட மனசு வரலியா?"

மறுநாள் வாத்தியார் சுண்ணாம்பு குழைத்தார். சாரம் ஏறவில்லை; அது சட்டியிலேயே காய்ந்து கல்லாகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஈஸ்டர் வந்தது. அவருடைய வட்டம் சரியென்று காட்டிய அதே ஞாயிறு. ஊரே நற்கருணைக்கு வரிசையில் நிற்க, மன்னிப்புக் கிடைக்காத எர்க்கொலானோ மட்டும் பித்தளைக் கோட்டருகே முழங்காலில் இருந்தார்.

"பாருடி, வாத்தியார் எழுந்திருக்கல," என்றாள் ஒருத்தி, அவர் காதுபடவே.

ஆண்டவர்மேல் அவருக்கு இருந்த ஆசை எள்ளளவும் குறையவில்லை. அதுதான் வேதனை.

பூசை நீண்டு நண்பகலாயிற்று. நடக்க முடியாத ஒரு கிழவருக்காக ப்ரோஸ்பெரோ நற்கருணைப் பாத்திரத்தோடு கடைசி வரிசைக்கு வந்தார். வெயில் வட்டம் அப்போதுதான் கோட்டைத் தொட்டது. சாமியார் நின்றார். வாத்தியாரைப் பார்க்கவில்லை, வட்டத்தைத்தான் பார்த்தார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஒளியை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

எர்க்கொலானோ இரண்டு கைகளையும் சேர்த்து அந்த ஒளிக்குக் கீழே நீட்டினார். உள்ளங்கையில் அது அப்பம் போல வெள்ளையாக விழுந்தது. அதை வாயில் போட முடியாதே என்று குலுங்கி அழுதார்.