கதவில் நுழையாத கட்டில்

விவாகரத்து ஆயிற்று, பம்மல் வீட்டையும் விற்றாயிற்று. சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு, கட்டில் மட்டும் கதவில் இடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. இளமாறனே வீடியோ பார்த்து, படுக்கையறைக்குள் வைத்துச் செய்த கட்டில். கழற்றவும் வழியில்லை, ஸ்க்ரூ போட்டால் ஆடும் என்று மூட்டுக்கு மூட்டு பசை வைத்து இறுக்கியிருந்தான்.

செய்தபோதே வினிதா கேட்டாள்: "இம்மாம் பெருசா கீதே, நாளைக்கு வெளிய எப்டி எடுப்பே?"

"அது இன்னாத்துக்கு வெளிய போவணும்? நாமதான் சாவுற வரைக்கும் இங்கியே கீறோமே!"

அன்றைக்கு அப்படி வாய் கிழியப் பேசியவன்தான் இப்போது ரம்பத்தை எடுத்தான்.

"அறுத்துத் தொலைக்கிறேன்" என்றான். துணிமணி எடுத்துப்போக வந்திருந்த வினிதா, பையும் கையுமாக வாசலிலேயே நின்றாள்.

ரம்பம் பட்டதும் கட்டில் அதிர்ந்து நகர்ந்தது. முழங்காலால் அழுத்திப் பார்த்தான், அடங்கவில்லை. பாழாய்ப்போன மரத்தைத் திட்டினான்.

வினிதா பையைக் கீழே வைத்தாள். முன்பு அவன் பலகை அறுக்கும்போதெல்லாம் செய்ததைப் போலவே, மரம் ஆடாமலிருக்க மறுமுனையில் வந்து உட்கார்ந்தாள்.

"ம், அறு" என்றாள்.