மன்னி வீட்டு ட்ரெட்மில்

ட்ரெட்மில் வாங்கலாம் என்று ரங்கா சொன்னபோது ருக்மிணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாத்திரத்திலிருந்து கையை எடுக்காமலே சிரித்தாள்.

"ஏன்னா, கிழிஞ்ச குடையை மூணு வருஷமா தைச்சுத் தைச்சுப் பிடிக்கறேள். உங்களுக்கு ட்ரெட்மில்லா?"

"தொப்பை போட்டுண்டு வரது."

"தொப்பை பதினஞ்சு வருஷமா இருக்கு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுதா? கூப்பிடு தூரத்துல சாங்கி டேங்க் ஏரி. காலம்பற ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்கோ. சும்மா எதுக்கு ஆத்துக்குள்ள ஒரு மெஷின்? ரெண்டு மாசம் நடப்பேள், அப்புறம் நான் அதுல புடவை உலர்த்தணும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், பாதி வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பி வாங்கிப்போட்ட உடற்பயிற்சி யந்திரங்கள் துண்டு உலர்த்தத்தான் உபயோகப்பட்டுக்கொண்டிருந்தன. ஆனால் ரங்காவால் ஏரிக்கரையில் நடக்க முடியாது. நாலு பேர் பார்ப்பார்கள். நடக்கிற ஆள் நடுவில் நின்றுவிடுவதை அந்த நாலு பேரும் பார்ப்பார்கள்.

ஒன்றரை மாதமாக அவர் நின்று நின்றுதான் வீடு வந்து சேருகிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி மேட்டில் ஏறும்போது மார்புக்கு நடுவில் ஒரு கனம் வந்து உட்காரும். உடனே பூக்கடையில் சேவந்தி மொழம் என்ன விலை என்று கேட்பார். அடுத்த தடவை செருப்புக் கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு நிமிஷத்தில் கனம் இறங்கிவிடும். பூக்காரிக்கு இப்போதெல்லாம் அவரைக் கண்டாலே எரிச்சல். தினமும் விலை கேட்டுவிட்டு ஒரு பூக்கூட வாங்காத மனுஷனை அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

டாக்டர் ஸ்ரீகண்டன் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. சீட்டு ரங்காவின் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. "மெஷின் மேல நடக்க வெப்பா. மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் வேகம் ஏறும், மேடும் ஏறும். நெஞ்சுல ஒயர் மாட்டிப் பாத்துண்டே இருப்பா. இந்த வாரத்துக்குள்ள பண்ணிடுங்கோ, தள்ளிப்போடாதேங்கோ" என்றார் டாக்டர். ருக்மிணியிடம் ரங்கா மூச்சு விடவில்லை.

இங்கேதான் அவர் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகம். தாத்தா முதல் பேரன் வரை எந்தப் பரீட்சையும் முதல் தடவையிலேயே பாஸ். துறைத் தேர்வாகட்டும், கணக்குத் தேர்வாகட்டும், வீட்டில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் பத்துத் தடவை எழுதிப் பார்க்காமல் ஒருவரும் ஹாலுக்குள் கால் வைத்ததில்லை. டெஸ்ட் என்று காதில் விழுந்தால் அந்த வீட்டு ரத்தத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தயார் பண்ணு. ஒன்பது நிமிஷம் தாங்கினால் பாஸ் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். ரங்காவுக்கு அது போதும். வீட்டிலேயே ஒரு யந்திரம் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, இன்று இரண்டு நிமிஷம், நாளை மூன்று என்று பழகி, ஒன்பது வந்ததும் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

பயத்துக்குக் காரணம் அண்ணா தேசிகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரங்கா ஆடிட்டுக்காகக் குல்பர்காவில் இருந்தபோது போன் வந்தது. "டெஸ்டு டெஸ்டுன்னு இருந்தார். ஆஸ்பத்திரில போயிட்டார்." லைனில் அவ்வளவுதான் கேட்டது. ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சுடுகாட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அண்ணா தயார் பண்ணாமல் அந்த மெஷினில் ஏறினான், அது அவனைக் கொன்றுவிட்டது என்று ரங்கா தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அண்ணாவுக்கு அப்போது ஐம்பத்துமூன்று. ரங்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

ஆபீஸ் விட்டு வரும்போது சம்பிகே ரோட்டில் ஒரு கடைக்குள் நுழைந்து பார்த்தார். "ஒருதரம் நடந்து பாருங்க சார்" என்று கடைக்காரன் பொத்தானை அழுத்தினான். பெல்ட் நகர்ந்தது. ஒரு நிமிஷம் ஆகவில்லை, கனம் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை தாடைக்கும் ஏறியது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"என்னாச்சு சார்?"

"பெல்ட் கொஞ்சம் வழுக்கறாப்பல இருக்கு" என்றார் ரங்கா. கடைக்காரன் வழுக்கவே வழுக்காத இன்னொரு மாடலைக் காட்டத் தொடங்கினான். ரங்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டார். எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பிடிவாதம் இன்னும் ஏறிவிட்டது. ருக்மிணியும் கடைசியில் இறங்கி வந்தாள், ஆனால் அந்த வீட்டு வழக்கத்தை விட்டுக் கொடுக்கவில்லை. கிரைண்டரோ வாஷிங் மெஷினோ, எது வாங்குவதானாலும் ஏற்கெனவே வாங்கிய சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், உபயோகமா இல்லையா என்று விசாரித்த பிறகுதான் கடைக்குப் போவார்கள்.

"மன்னி ஆத்துல ஒண்ணு இருக்கே. பின்கட்டு ரூம்ல, போர்வை போத்தி. நான் பார்த்திருக்கேன்."

"அண்ணா ஆத்துலயா?" என்றார் ரங்கா. "அவன் எப்போ வாங்கினான்?"

"நேக்கென்ன தெரியும்? போய்க் கேட்டா ஆச்சு."

இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டார்கள். தேசிகனின் மனைவி சுப்புலக்ஷ்மி கதவைத் திறந்தாள். ரங்காவுக்கு அவள் மன்னி. வருஷத்துக்கு ஒருதரம் ஸ்ராத்தத்துக்கு வந்து ஹாலோடு போய்விடுகிற மச்சினன் காலங்கார்த்தாலே வந்து நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். ருக்மிணி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மன்னி, இவர் ட்ரெட்மில் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். உங்காத்துல இருக்கே, வாங்கினதுக்கு உபயோகமா இருந்துதா?"

மன்னி ரங்காவை ஒருதரம் பார்த்தாள். "வா, காட்டறேன்" என்று எழுந்து உள்ளே நடந்தாள்.

பின்கட்டு அறையில் பழைய பாய்களுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் நடுவில் அது நின்றது. மோட்டார் இல்லாத சாதாரண ரகம், காலால் தள்ளித் தள்ளி நடக்கவேண்டும். மன்னி போர்வையை எடுத்தாள். யந்திரத்துக்கு நேரே சுவரில் இரண்டு வருஷத்துப் பழைய பேங்க் காலண்டர் மாட்டியபடியே இருந்தது.

"ஏன் மன்னி, வித்திருக்கலாமே?" என்றாள் ருக்மிணி.

"யாருக்கு விக்கறது? வாங்கறவா கிட்ட சொல்லணுமோல்லியோ."

"என்ன சொல்லணும்?"

ரங்கா காலண்டருக்குப் பக்கத்தில் போய்விட்டார். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில் அண்ணாவின் சின்னச் சின்ன எழுத்தில் நிமிஷக் கணக்கு. ரெண்டு. ரெண்டேகால். மூணு. மறுபடி ரெண்டு. ஒன்றரை. மூன்று வியாழக்கிழமைகளில் 'டெஸ்ட்' என்று எழுதி அடித்திருந்தது. நாலாவது வியாழக்கிழமையில் அடிக்காத 'டெஸ்ட்'. அதற்கு முந்தின நாள் புதன்கிழமை. அதிலிருந்து ஒன்றும் எழுதவில்லை.

மன்னி கொடுத்த காபியை அவர் இன்னும் குடிக்காமலே கையில் வைத்திருந்தார்.

"அண்ணா டெஸ்டுக்குப் போனான்னு சொன்னாளே..."

"எங்கே போனார்?" என்றாள் மன்னி. குரல் உயரவில்லை. ஆனால் இரண்டு வருஷக் கோபம் அதில் அப்படியே இருந்தது. "டாக்டர் எழுதிக் குடுத்த அன்னிக்கே போயிருந்தா, என்ன ஏதுன்னு கண்டுபிடிச்சிருப்பா, மருந்தோ ஆபரேஷனோ பண்ணியிருப்பா. இவர் என்னடான்னா, இன்னும் தயாராகலை, அடுத்த வாரம் போறேன், அடுத்த வாரம் போறேன்னார். எங்கிட்ட தொப்பைக்குன்னு சொன்னார். புதன்கிழமை காலம்பற இதோ, இங்கேதான். சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கெல்லாம் பேருக்குத்தான் எடுத்துண்டு போனோம். சீட்டு அவர் டயரிக்குள்ள இருந்தது, பதிமூணாம் நாள்தான் பார்த்தேன்."

ருக்மிணி தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தொப்பை என்ற வார்த்தையிலேயே அவள் முகம் மாறிவிட்டது.

"ஏன்னா?"

ரங்கா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, என்னைப் பாருங்கோ. உங்களுக்கும் எழுதிக் குடுத்திருக்காளா?"

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். ருக்மிணி பிடுங்கிப் பிரித்தாள், தேதியைப் பார்த்தாள். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அங்கேயே பாய்ச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை. பிரசவத்துக்குப் போனபோதுகூட, பால்காரனிடம் பாக்கி வாங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டே போனவள் அவள்.

மன்னி ரங்காவின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். "குடிக்கலையே? நல்லதாப் போச்சு. வெறும் வயத்தோட வரச் சொல்லுவா. நான் போய் ஆட்டோ பிடிச்சுண்டு வரேன். நீ நடக்காதே, இங்கேயே உட்காரு."

"இன்னிக்கேவா மன்னி? நான் ஒரு தயாரும்..."

சொல்லி முடிக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

சோதனைக்கூடம் ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் ருக்மிணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உள்ளே சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மமதா என்ற பெண் மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினாள். டாக்டர் ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வெளியே பெஞ்சில் ரங்காவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ருக்மிணி.

"முஞ்சே யாவாகலாதரூ இதர மேலே நடெதித்தீரா ஸார்?" என்று மமதா கேட்டாள். இதற்கு முன்னால் இதில் நடந்து பழக்கம் உண்டா என்று.

"இல்லம்மா" என்றார். கடையில் நடந்த அந்த ஒரு நிமிஷத்தைக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை.

பெல்ட் நகர்ந்தது. முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கனம் மெதுவாக வந்து உட்கார்ந்தது. எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம். அவர் கண் தானாக அதற்குப் போயிற்று. கம்பியை இறுக்கிப் பிடித்துப் பல்லைக் கடித்தால் நாலு நிமிஷம் தாண்டிவிடலாம், அது அவருக்குத் தெரியும். அண்ணாவின் பென்சில் எழுத்து ஞாபகம் வந்தது. மூணு. மறுபடி ரெண்டு. செத்துப்போய்விடுவோமோ என்று அவ்வளவு பயம், அவ்வளவு பெரிய ஆள் அழுதுவிடுவார் போல இருந்தது. முப்பது வருஷம் ஆபீசில் கன்னடமே பேசியவருக்கு அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது.

"வலிக்கறது!" என்றார். போதாது என்று தோன்றி இன்னும் உரக்கச் சொன்னார். "அம்மா, நெஞ்சு வலிக்கறது. ஒன்றரை மாசமா வலிக்கறது."

மமதா பொத்தானை அழுத்தினாள். டாக்டர் எழுந்து ஓடிவந்து தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார். வாசல் கதவு திறந்தது. உள்ளே வரக்கூடாது என்று யாரோ சொல்லச் சொல்ல ருக்மிணி உள்ளே வந்துவிட்டாள். ரங்கா அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எத்தனை நிமிஷம் நடந்தோம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.