மேற்கே நீண்ட இதழ்

கொட்டாயோடு சேர்ந்து என் சினைப்பசு கருகிப்போன மூன்றாம் நாள், மதியழகனை வெட்டுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது. தீ எந்தப் பக்கமிருந்து வந்தது?

வத்தல்மலையில் என் மாட்டுக்கொட்டாய்க்குக் கிழக்கே அவன் காடு. மேற்கே காற்றை அளக்கும் கம்பம். அதற்கு நான்தான் காவல். தீப்பிடித்த அன்று அவன் அந்தக் காட்டில் அறுப்பு முடிந்த கேழ்வரகுத் தாளைக் கொளுத்தினான். நானும் காலையில் கம்பத்தடியில் இருந்த புதரை எரித்தேன். புகை கொட்டாய்ப் பக்கம் வராமல் மேற்கே போனது. கங்கின்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு, நானும் பெண்டாட்டி தீர்த்தம்மாளும் இண்டூருக்கு ஒரு சாவுக்குப் போய்விட்டோம். மதியம் கொட்டாய் பற்றிக்கொண்டது. கயிற்றை அறுக்க முடியாமல் பசு அங்கேயே வெந்து கிடந்தது. வயிறு வெடித்து, கன்றின் கால் ஒன்று வெளியே தெரிந்தது.

போன மாதம் வேலித் தகராறில் அவன் சொன்னது காதிலேயே இருந்தது. "உன் கொட்டாயக் கொளுத்தறனா இல்லையா பாரு!"

கம்பத்துக் கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் வேகத்தையும் திசையையும் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவை எடுக்க வந்த இன்ஜினியர் கலைமதியிடம் போய் நின்றேன்.

"அன்னிக்கு மத்தியானம் காத்து எப்படின்னு காட்டுங்க மேடம்."

"வெறும் நம்பரா இருக்கும்ணா. இருங்க, பைத்தான்ல ஒரு லைப்ரரி இருக்கு. நம்பரைக் குடுத்தா பூ மாதிரி வரைஞ்சுரும்."

லேப்டாப்பில் நாலைந்து வரி தட்டினாள். நான் படிக்கட்டும் என்று திசைகளின் பெயரைத் தமிழில் போட்டாள். வட்டத்துக்குள் ஒரே ஒரு சிவப்பு இதழ் நீண்டு, மேற்கு என்ற எழுத்தைத் தொட்டது.

"செவப்பு எதுக்குங்க?"

"நல்ல வேகம்ணா. நீளமா இருந்தா ரொம்ப நேரம் அடிச்சிருக்குன்னு..."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. காற்று மேற்கே ஓடியிருக்கிறது. காலையில் புகையும் அப்படித்தானே போனது? அப்படியென்றால் தீ கிழக்கிலிருந்து வந்தது. கிழக்கே அவன்தான். இடுப்பில் செருகியிருந்த கொடுவாளை உருவிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணா, முழுசாக் கேளுங்க!" பின்னால் கத்தினாள்.

மதியழகன் வேலிக்கு முள் வைத்துக்கொண்டிருந்தான். "என்ன ராஜப்பா, கறி விருந்துக்கு எங்களக் கூப்பிடவே இல்ல?" என்று சிரித்தான்.

கழுத்துக்குத்தான் வீசினேன். இடது கையைக் குறுக்கே கொடுத்தான். இரண்டு விரல்கள் முள்ளின்மேல் விழுந்தன. அடுத்த வெட்டு தோளில் இறங்கியது. எலும்பில் சிக்கிய வாளை நான் பிடுங்குவதற்குள், அவன் அண்ணன் சந்திரமோகன் மண்வெட்டிக் காம்பால் என் முழங்காலை உடைத்தான். மண்ணில் விழுந்தேன். வாயில் அடுத்த அடி. இரண்டு பல் போனது.

கலைமதி மூச்சிரைக்க ஓடி வந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் அலறினாள்.

"ஐயோ, அது காத்து போற பக்கம் இல்லண்ணா! வர்ற பக்கம்! இதழ் எங்க நீளுதோ, அங்கிருந்துதான் காத்து வருது!"

மேற்கு. கம்பத்தடி. நான் மண் தள்ளிய கங்கு. மதியத்துக்குள் காற்று திரும்பியிருக்கிறது.

மதியழகன் தோளைத் துண்டால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"அப்ப யாருய்யா வெச்சது?"

சந்திரமோகன் மறுபடியும் காம்பை ஓங்கினான்.

"நாந்தான்" என்றேன். தலைக்குக் கையைக் குறுக்கே கொடுக்கவில்லை.